பட்டம் பெற்றோர் எத்தனை பேர்?



எந்தப் பாடம் படித்தால் வேலை கிடைக்கும் என்று பலரும் என்னிடம் கேட்கின்றீர்கள். அப்பாடத்தில் சேர்ந்தோரில் எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்று எவரும் கேட்பதில்லை. நம் தருமபுரி அரசு கலைக் கல்லூரி, 1997-இல் தோன்றிய சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. மூன்றாண்டு பயின்றும் ஒரு தாள் அரியர் நின்றால் பட்டம் இல்லை. பட்டம் கேட்கும் குரூப்-2 தேர்வுக்கு விண்ணப்பிக்க இயலாது. பத்தாம் வகுப்பே போதுமான குரூப்-4 தான் மிஞ்சும். அதற்கு மூன்றாண்டுக் கல்லூரி எதற்கு?

2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் சேர்ந்தனர், உரிய காலத்தில் எத்தனை பேர் தேறினர், எத்தனை பேர் வேலை பெற்றனர், அவர்தம் இடைநிலை ஊதியம் என்ன என்று கணக்குத் தருகின்றன. இணையத்தில் அதனைப் படியுங்கள். ஆனால் விழிப்போடு படியுங்கள். வேலை பெற்றோரை ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பெறுவதே இடைநிலை ஊதியம். நூறு பேரில் ஐவர்க்கே வேலை கிடைத்தாலும், அவருள் மூன்றாமவர் சம்பளமே அங்கு காணப்படும். எஞ்சிய தொண்ணூற்றைவர் அத்தொகையில் இல்லை! வணிகவியலும் வரலாறும் வேதியியலும் அதில் ஒன்றாகக் கலந்தே நிற்கின்றன.

துறைவாரியாக வேண்டுமெனில், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். ஊதிய விவரம் அவர்களிடம் இல்லாதிருக்கலாம்; தேர்ச்சி விவரம் இருந்தே தீரும். ஆதிதிராவிட மாணவர் கணக்கைத் தனியே கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாட்களுக்குள் விடை தரவேண்டும்.