கடைசி மணிக்கு வந்தவரின் கூலி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இறைவனின் அருளைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டுமென்று செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். நாம் சமய போதகர் அல்லர். ரயில்வே அலுவலகமொன்றில் வருகைப் பதிவேட்டையும் ஊதியப் பட்டியலையும் ஒப்புநோக்கிக் காலங்கழிக்கும் குமாஸ்தா. இம்மன்றத்திலோ ஹலசூரு சோமேசுவரரை வணங்குவோரும், மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்போரும், மாதா கோவிலுக்குச் செல்வோரும் ஒருங்கே அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே இது எவரையும் தம் நெறியினின்றும் திருப்புவதற்கான பேச்சன்று. கிறிஸ்தவ நெறியில் அருள் எனப்படுவது யாது, அது எளியவரை எங்ஙனம் தேடி வருகிறது, அதைத் தமிழராகிய நாம் எங்ஙனம் பங்கு போட முயன்றோம் என்பவற்றையே கூற விழைகிறோம்.

முதலில் அச்சொல்லையே பார்ப்போம். இன்று ‘அருள்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 1995ஆம் ஆண்டு வெளியான விவிலியப் பொது மொழிபெயர்ப்பிலும் இச்சொல்லே ஆளப்பட்டது. ஆனால் நம் சீர்திருத்தச் சபையாருக்கு நெடுங்காலமாகப் பழகிய சொல் ‘கிருபை’. கத்தோலிக்க வீடுகளிலோ பாட்டிமார் மாலை செபத்தில் ‘பிரியதத்தம்’ என்று சொல்லி வந்தனர். பொருள் தெரிந்து சொன்னவர் எத்தனை பேரோ! ஆயினும் அழகிய சொல் அது. பிரியத்தினால் தரப்பட்டது என்பதே அதன் பொருள். உழைத்ததற்காகத் தந்ததன்று, தகுதி பார்த்துத் தந்ததன்று. தருபவருக்குப் பிரியம் இருந்தது, தந்தார். நம் வள்ளுவப் பெருந்தகையும் அருளை அன்பு ஈன்ற குழந்தையாகவே காண்கிறார். எனவே இக்கருத்து நமக்கு வேற்று நாட்டுச் சரக்கன்று.

இக்கருத்தை விளக்க இயேசுநாதர் கூறிய கதை ஒன்று மத்தேயு எழுதிய நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் உள்ளது. மற்ற மூன்று நற்செய்தியாளரும் இதனை எழுதவில்லை. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் கடைத்தெருவுக்குச் சென்று, நாளொன்றுக்கு ஒரு வெள்ளிக்காசு எனப் பேசி ஆட்களை அமர்த்துகிறார். காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் போகிறார். நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் போகிறார். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும்போது ஐந்தாம் முறையாகவும் போகிறார். அங்கே இன்னும் சிலர் நிற்கின்றனர். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்க, எங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கின்றனர். அவர்களையும் அனுப்புகிறார். மாலையில் எல்லாருக்கும் அதே ஒரு வெள்ளிக்காசு கிடைக்கிறது.

இக்கதையைக் கோவிலில் கேட்கும்போது தலையசைத்துக் கேட்டுவிடலாம். ஊதியப் பட்டியல் எழுதுபவர் அலுவலக மேசையில் அமர்ந்து நினைத்துப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். ஒரு மணி நேரம் உழைத்தவருக்கு முழுநாள் ஊதியம் எழுதினால் தணிக்கைக்கு வருவோர் விடுவார்களா? கதையில் கூலியைக் கையில் கொடுப்பவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. எசமானர் சொன்னபடியே கொடுத்துவிடுகிறார். அவர் ஒரு வார்த்தையும் பேசியதாகக் கதையில் இல்லை. நம் தொழிலைச் சேர்ந்தவராதலால் அவர்பால் நமக்குத் தனிப் பரிவு உண்டு.

ஆனால் முச்சந்தியில் நின்று இக்கதையைப் பார்த்தால் அது வேறாகத் தெரிகிறது. நம் நகரின் முச்சந்திகளில் விடியற்காலையில் கொலுறும் மண்வெட்டியும் சோற்றுத் தூக்குமாக ஆண்களும் பெண்களும் கூலிக்குக் காத்து நிற்பதை எல்லோரும் கண்டிருக்கிறீர்கள். மேஸ்திரி வந்ததும் முதலில் யாரைப் பொறுக்குகிறார்? தோள் வலுத்தவரை. பிறகு நடுத்தரமானவரை. கடைசிவரை நிற்பவர் யார்? வயது சென்றவர், காய்ச்சலில் எழுந்து வந்தவர், இடுப்பில் குழந்தையுள்ளவள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர், எவராலும் பொறுக்கப்படாதவர்கள். வெள்ளிக்காசு ஒன்று அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாளைய ஊதியம். ஒரு குடும்பம் அன்றிரவு உண்ண அது வேண்டும். அதில் பன்னிரண்டில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால் உலையில் எதைப் போடுவது? எசமானர் மணியைப் பார்க்கவில்லை, அவர்கள் வீட்டு அடுப்பைப் பார்த்தார். அன்றியும், ஆளனுப்பாமல் ஐந்து முறையும் தாமே தெருவுக்குச் சென்றார் என்பதைக் கவனித்தல் வேண்டும். தேடி வருபவர் கடவுள் என்பதுதான் கிறிஸ்தவ நெறியின் உயிர்நாடி.

இடையே ஒன்று சொல்லிவிடுகிறோம். இக்கதையைக் காட்டி முதலாளிமார் எவரேனும் எல்லாருக்கும் ஒரே கூலி என்று மற்றவர் கூலியைக் குறைக்க முற்பட்டால் நாம் ஒப்போம். முதலில் வந்தவருக்குப் பேசிய கூலி ஒரு காசும் குறையவில்லை.

கதையின் கூர்மை இதற்குப் பின்பே வருகிறது. எசமானர், கடைசியில் வந்தவர் தொடங்கி முதலில் வந்தவர் வரை கூலி கொடுக்கும்படி கட்டளையிடுகிறார். முதலில் வந்தவருக்கு முதலிலேயே கொடுத்திருந்தால் அவர்கள் மகிழ்ச்சியுடன் வீடு போயிருப்பர், பூசலே இல்லை. வேண்டுமென்றே அவர்களை நிற்க வைத்து, பிறருக்குக் கிடைப்பதைக் காணச் செய்கிறார். அவர்கள் முறுமுறுக்கிறார்கள். அவர்களுடைய முறையீட்டை ஊன்றிப் படித்தால், எமக்குக் குறைத்தீர் என்பதன்று குறை. இவர்களை எமக்குச் சமமாக்கிவிட்டீரே என்பதுதான் குறை.

சமமாக்கிவிட்டீரே என்னும் இம்முறையீடு செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்து நின்ற ஊர் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. அது திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளம். அவ்வூருக்கு ஒரு பெரும்பேறு உண்டு. நட்டாலத்தில் 1712இல் பிறந்து, மார்த்தாண்டவர்மரின் அரசில் அலுவல் பார்த்த நீலகண்டபிள்ளை என்பார் 1745இல் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவருக்கு அந்நெறியை எடுத்துரைத்தவர் குருவானவர் அல்லர். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத் தலைவர் டிலனாய். தோற்றவர் ஒருவரின் வாய்மொழியாக அருள் வந்தது! தேவசகாயம் பின்னர் சாதி பாராது எல்லாரோடும் பழகினார், உண்டார்; அது பலருக்குப் பொறுக்கவில்லை. சிறையும் சித்திரவதையும் பட்டு 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குருவாகவோ துறவியாகவோ இல்லாமல், மனைவியோடு இல்லறம் நடத்திய பொதுநிலையினர் ஒருவர் இந்தியாவிலிருந்து புனிதரானது அதுவே முதல் முறை.

அதே வடக்கன்குளத்தில், அவர் ஞானஸ்நானம் பெற்று 127 ஆண்டுகளுக்குப் பின், 1872இல், இரட்டைக் கோவில் ஒன்று கட்டப்பட்டது. பீடம் ஒன்று, ஆனால் அதனின்றும் இரு கால்களாகப் பிரியும் இரு கூடங்கள். உயர்ந்தோர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்டோர் ஒரு கூடத்தில். மற்றையோர் மறு கூடத்தில். பார்ப்பதற்குக் காற்சட்டை போல இருந்ததால் அதற்குக் காற்சட்டைக் கோவில் என்றே பெயர் வழங்கலாயிற்று. சாதிப் பெயர்களை இங்கே எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தேவையுள்ளோர் நூல்களிற் பார்த்துக்கொள்ளலாம். ஒரே அப்பத்தை ஒரே குருவின் கையால் வாங்குவோர், அதை வாங்க வெவ்வேறு வழியால் வரவேண்டுமென்று கட்டடக் கலையையே வளைத்த திறமையை என்னென்பது! 1910இல் நடுவிலிருந்த தடுப்பு நீக்கப்பட்டது. உடனே வழக்கு எழுந்தது. அது சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. தனி இடம் கேட்டோருக்கு அங்கும் வெற்றி கிட்டவில்லை. தோட்டத்தில் முதலில் வந்தவர்கள் எசமானரிடம் செய்த முறையீடு, இங்கே முத்திரைத்தாளில் எழுதி நீதிபதி முன் வைக்கப்பட்டது. வேறுபாடு அவ்வளவே.

தெற்கே அப்படி என்றால், நாம் வாழும் பெங்களூரில் எப்படி? சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தை அறியாதார் இங்கு இரார். செப்டம்பர் 8ஆம் நாள் திருவிழாவுக்கு ஜோகுபாளையத்திலிருந்து கால்நடையாகவே செல்லும் குடும்பங்கள், வேற்றுச் சமயத்தார் உட்பட, உண்டு. அக்கோவிலின் தொடக்கம் எளியவர்களுடையது. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூரை வேய்ந்த சிறு கோவிலாக அதை அமைத்தனர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. திப்பு சுல்தானின் மறைவுக்குப் பின் 1799க்கு மேல் மைசூர்ச் சீமையில் பணியாற்ற வந்தவர் பிரெஞ்சுக் குருவாகிய துபுவா. அவரே 1818இல் அங்கு ஒரு சிற்றாலயம் எழுப்பினார். இன்று நாம் காணும் உயர்ந்த கோபுரக் கோவில் 1882 செப்டம்பர் 8இல் அபிடேகம் செய்யப்பட்டது. 1974 முதல் அது பசிலிக்கா என்னும் சிறப்புடன் விளங்குகிறது.

துபுவா விசித்திரமான மனிதர். நம் மக்களைப் போலவே உடுத்தி, உண்டு உறங்கி வாழ்ந்தார். நம் நாட்டுப் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் இன்றும் படிக்கப்படுகிறது. அம்மை நோய் ஊர்களைச் சூறையாடிய அக்காலத்தில், 1803-04இல் அவர் அம்மைப்பால் குத்தியவர்களின் எண்ணிக்கை 25,432. நீட்டப்பட்ட கை எச்சாதியாருடையது, எச்சமயத்தாருடையது என்று ஊசி கேட்பதில்லை. அருளுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா? ஆயினும் அவரே 1823இல் இந்தியாவை விட்டுச் சென்றபோது மனம் கசந்து சென்றார். இந்நாட்டில் கிறிஸ்தவம் வேரூன்ற வழியில்லை என்று அவ்வாண்டிலேயே நூலாக எழுதி வெளியிட்டார். கற்றோரும் உயர்ந்தோரும் வரவில்லை. வந்தவர்கள் ஏழைகள் என்பது அவருடைய மனக்குறைகளுள் ஒன்று. இவ்வளவு செய்த பெரியவரும் தோட்டக்காரரின் கணக்கை ஏற்காமல் பழைய பதிவேட்டையே புரட்டிப் பார்த்தாரே என்று நமக்குத் தோன்றுகிறது. எவரை அவர் கணக்கில் சேர்க்கத் தயங்கினாரோ, அத்தகைய எளியவர்களின் மெழுகுவர்த்திகள்தாம் அவர் நட்ட இடத்தில் இன்று எரிந்துகொண்டிருக்கின்றன.

அவ்வெளியவர்கள் யார்? நம் முன்னோர்களே. 1809இல் இங்கே ஆங்கிலேயர் பாளையம் இறங்கியபோது பட்டாளத்தோடு வந்த சமையற்காரர், குதிரைக்காரர், சலவைத் தொழிலாளர், கொத்தர், தோட்டக்காரர். 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டுக்கு இருப்புப்பாதை வந்தபின் இன்னும் பலர் வந்தனர். ஏரிக்கரையில் இன்றும் மதராஸ் எஞ்சினியர் குழுவின் முகாம் நிற்கிறது. இவர்கள் வந்திறங்கிய நாளில் இவர்களை எவரும் வாழை கட்டி வரவேற்கவில்லை. இடம் கொடுத்தது கன்னட மண். அதற்கு நாம் உழைப்பால் ஈடு செய்தோம் என்பது உண்மையாயினும், இடம் முதலில் கொடுக்கப்பட்டது, உழைப்பு பின்னர் வந்தது.

இப்போது நம் தெருக்களின் முச்சந்தியில் நிற்பவர் தருமபுரி, திருவண்ணாமலையிலிருந்து வந்தவர் மட்டும் அல்லர். இராய்ச்சூர், கலபுரகியிலிருந்து வந்தோரும், பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்தோரும் நிற்கின்றனர். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. இவர்களெல்லாம் நேற்று வந்தவர்கள், நம் கூலியைக் கெடுக்கிறார்கள், தண்ணீர்க் குழாயில் நமக்கு முன்னே குடம் வைக்கிறார்கள் என்று நம்மவர் சிலர் பேசுவதைத் திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் கேட்கிறோம். பேசுபவர் நல்லவர்களே. அவர்களுடைய வாடகைக் கவலையும் பொய்யன்று. கூலியை உண்மையில் குறைப்பவர் புதிதாய் வந்தவரின் இல்லாமையைப் பயன்படுத்தும் காண்டிராக்டர் என்பதை எடுத்துச் சொன்னால் ஒப்புக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆனால் பேச்சு அத்துடன் நிற்பதில்லை. நாங்கள் மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோமே என்று தொடர்கிறது. விடியற்காலையில் தோட்டத்துக்கு வந்தவர்களும் வெயிலையும் பாரத்தையும் சுமந்ததையே எடுத்துச் சொன்னார்கள். அதுவும் பொய்யன்று.

சென்ற கிறிஸ்துமஸில் நம் காலனிச் சிறுவர்கள் வீடு வீடாகக் கீதம் பாடிச் சென்றபோது, புதுக் கட்டடத்தின் தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்த வடநாட்டுத் தொழிலாளர்களையும் அழைத்து அவர்கள் கையிலும் கேக்கு வைத்தார்கள். பட்டியலில் அவ்வீடுகள் இல்லையே என்று பெரியவர் ஒருவர் கேட்டார். பிள்ளைகள் பட்டியலைப் பார்க்கவேயில்லை. இவ்வாண்டு அப்பட்டியலைச் சங்கமே எழுதித் தருவதாயின், அக்கொட்டகைகளின் எண்களையும் அதில் சேர்த்து எழுத நாம் ஆயத்தமாக இருக்கிறோம். எழுதுவது நம் தொழில்.

கதையின் முடிவைக் கூறி அமர்கிறோம். முறுமுறுத்தவரை எசமானர் ‘தோழரே’ என்று விளித்து, நான் நல்லவனாயிருப்பது உமக்கு உறுத்துகிறதா என்ற கருத்துப்படக் கேட்கிறார். அத்துடன் அந்த உரையாடல் நின்றுவிடுகிறது. அவர் காசை எடுத்துக்கொண்டு முகஞ்சுளித்துப் போனாரா, அல்லது கடைசியில் வந்தவரோடு பேசிக்கொண்டே ஒரே வழியில் வீடு நடந்தாரா என்பது எழுதப்படவில்லை.