இரவில் வரும் ரத்த மாதிரி

2008-இல் போக்குவரத்து போலீசார் வழிவிட, மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் தான இதயம் சென்னை முகப்பேருக்கு வந்து சேர்ந்தது, பக்கத்திலிருக்கும் திருவேற்காட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஆம்புலன்ஸைப் பார்த்தோம், ஆய்வுக்கூடத்தை யார் பார்த்தது?

அங்கே, சிறுநீரகம் என்றால், கொடுப்பவரின் வெள்ளணுக்களோடு பெறுபவரின் சீரத்தைக் கலந்து பார்ப்பார்கள். இதுதான் கிராஸ் மேட்ச். அணுக்கள் செத்தால் அந்தச் சிறுநீரகம் அவருக்கு ஆகாது. 1969-இல் படேல், டெராசாகி என்ற ஆய்வாளர்கள் கணக்குக் காட்டினார்கள்: இந்தச் சோதனையில் எதிர்ப்பு தெரிந்தும் பொருத்திய 30-இல் 24 உடனே வீண், எதிர்ப்பு இல்லாத 195-இல் 8தான்.

இந்தச் சோதனையைச் செய்யும் டெக்னீஷியன்களின் படிப்பு பட்டத்தோடு முடிகிற சமாசாரமில்லை. பொருத்தம் பார்க்கிற எச்.எல்.ஏ. மரபணு வகைகளின் பட்டியலே இன்று 40,000-ஐத் தாண்டிவிட்டது. டெக்னீஷியன் லீவு போட்டுக் கருத்தரங்குக்குப் போய்விட்டால், நடுராத்திரி வரும் ரத்த மாதிரியை யார் வாங்குவது? அதனால்தான் இணையவழிப் பாடங்கள். அமெரிக்காவின் 'ஆஷி' சங்கம் இந்த ஆய்வுக்கூடக்காரர்களுக்கென்றே நடத்துகிறது. நம்ம சென்னை மோகன் ஃபவுண்டேஷன் உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர்களுக்கு நடத்துகிறது.

ஆனாலும் பிப்பெட் பிடிக்கும் கைப்பழக்கம் திரையைப் பார்த்து வராது, என்னைக் கேட்டால். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஒரே ரத்த மாதிரியைப் பல ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி, வரும் விடைகளை ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறார்கள்.