பார்க்ஸும் வடகரை மணலும்

இத்துறையில் என்னைவிட ஆழம் கண்டவர்கள் முன்வரிசையில் இருக்க, தலைமை என் பங்குக்கு வந்திருக்கிறது. பெருமைதான், கொஞ்சம் நடுக்கமும் உண்டு.

19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்களும் வடசென்னையும் என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். எண்ணூர் போகும் காக்ரேன் கால்வாய், 1856இல் திறந்த இராயபுரம் ரயில் நிலையம் ஆகியவற்றைப் பற்றி அமர்வுகளில் விரிவாகக் கேட்பீர்கள். நான் வில்லியம் பார்க்ஸ் ஒருவரோடு நின்றுகொள்கிறேன்.

செங்கடலில் கலங்கரை விளக்கங்கள் கட்டியவர். கராச்சித் துறைமுகத்துக்கு ஆலோசகர். பம்பாய், கராச்சி ஓதங்களைப் பற்றி 1868இல் ராயல் சொசைட்டி இதழில் எழுதியவர். சென்னைத் துறைமுகத்துக்கு அவர் வகுத்தது, 1,200 கெஜம் கடலுக்குள் நீளும் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள். 1876இல் வேலை தொடங்கியது. 1881 நவம்பர் புயல் மேலடுக்குக் கான்கிரீட் கட்டிகளைப் புரட்டித் தள்ளியது. டைட்டன் பாரந்தூக்கிகள் இரண்டும் போயின. பின்னாளில் துறைமுகப் பொறுப்பிலிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதன் கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் திறந்தார்.

பார்க்ஸ் தோற்றார், ஸ்பிரிங் மீட்டார் என்று நம் நூல்கள் கதையை முடிக்கின்றன. இதை நிலைநிறுத்திய மூத்தவர் இந்த அவையிலேயே இருக்கிறார். அவர் திரட்டிய ஆவணங்களில்தான் நானும் பாடம் படித்தேன். ஆனாலும் முடிவை ஏற்க மனம் வரவில்லை. புயல் சேதத்தைப் பணம் போட்டுச் சீர்செய்துவிட்டார்கள். சீராகாதது மணல்.

நம் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி வடக்கே நகரும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே மிகுதி. துறைமுகத்தின் தென்சுவர் அதை மறித்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் உலாச்சாலை அமைத்த மெரினா அகன்றது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் அரித்துப்போயின. ஸ்பிரிங் வாயிலை மாற்றியது கப்பல்களுக்கு நல்லது. வடகரைக்குப் போகவேண்டிய மணலை அது திருப்பித் தரவில்லை. எதிரும் புதிருமாக நாம் எழுதும் இருவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி.

இன்றும் காசிமேட்டுக்கு வடக்கே பல இடங்களில் கரை என்பது கருங்கல் குவியல்தான்; ஃபைபர் படகை இழுத்துப்போட மணல் கிடையாது. இக்கரை மீனவர்களுக்கு நீரோட்டம் அத்துப்படி: வடக்கே ஓடுவது தெண்டி, தெற்கே ஓடுவது வன்னி. எது ஓடும்போது வலையை எப்படி விடுவது என்றும் சொல்வார்கள். அதை வாய்மொழி என்று அடிக்குறிப்பில் தள்ளுகிறோம். வாய்மொழியில் ஆண்டு தடுமாறும், உண்மை. துறைமுக அறிக்கைக்கும் ஒரு சாய்வு உண்டே! தன் சுவருக்கு வெளியே நடந்ததை எழுத அதற்கு என்ன அவசியம்?

ஆகவே பார்க்ஸின் பணிவரலாற்றை 1881இல் முடிக்காதீர்கள். பழைய சர்வே படங்களையும் குப்பத்துப் பெரியவர்களின் சொல்லையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் தோற்றவர் யார், மீட்டவர் யார் என்று தீர்ப்பெழுதலாம். மறுப்புகளை மதிய அமர்வில் கேட்கிறேன். முதல் வாய்ப்பு மூத்தவருக்கே.