வீட்டை நடத்துறவங்க படத்துல எங்கே?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



போன கூட்டத்தில் கடன் திருப்பம் பற்றி நிறையப் பேசினோம். இன்றைக்கு வேறு ஒரு விஷயம். முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் உங்கள் படம் எத்தனை இருக்கிறது? ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகத்தில் ஒட்டியதைச் சேர்க்காதீங்க. நீங்க உங்க வேலையைச் செய்துகொண்டு, சிரித்துக்கொண்டு இருக்கிற படம். யோசிச்சுப் பாருங்க.

இந்தக் கேள்வியை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் அம்மாவும் எங்கள் ஊரில் ஒரு குழுவில் உறுப்பினர்தான். 2011ல் அம்மா இறந்துபோனாங்க. காரியத்துக்குப் படம் வைக்கணும் என்று வீடு முழுக்கத் தேடினோம். எங்கள் படம் இருக்கு, அப்பா படம் இருக்கு, அம்மா படம் இல்லை. கடைசியில் குழுக் கடனுக்காக எடுத்த படம் ஒன்று கிடைத்தது. பன்னிரண்டு பேர் நிற்கிற படத்தில் இரண்டாவது வரிசையில் பாதி முகம் தெரிகிற மாதிரி அம்மா. ஸ்டுடியோக்காரர் அந்த முகத்தை வெட்டிப் பெரிதாக்கி, அம்மா வாழ்நாளில் கட்டாத ஒரு நீலப் பட்டுச்சேலையைப் போட்டுக் கொடுத்தார். அவர் மேல தப்பு இல்லை. எங்ககிட்ட இருந்ததே அவ்வளவுதான்.

இப்போ என் மகள் அந்தப் படத்தைப் பார்த்து, "பாட்டி சிரிக்கவே மாட்டாங்களாம்மா?" என்று கேட்கிறாள். அம்மா சிரிச்சா நாலு வீடு தள்ளிக் கேட்கும். அதை என்னால் வாயால்தான் சொல்ல முடிகிறது.

செல்போன் இருக்கே, போதாதா?

போன மாதம் ஒரு குழுவில் இதைச் சொன்னபோது ஒரு அக்கா, "இப்பத்தான் எல்லார் கையிலயும் செல்லு இருக்கே, எம் மவன் செல்லுல ஆயிரம் போட்டோ கிடக்கு" என்றார். அந்த மகன் இப்போ எங்கே என்று கேட்டேன். "திருப்பூர்ல வேலை." செல்? "அவங்கிட்ட." இதுக்கு முன்னாடி வைத்திருந்த செல்? "அது தண்ணியில விழுந்துருச்சு." அதில் இருந்த படம்? அக்கா பதில் சொல்லலை, சிரிச்சுட்டாங்க.

செல்போனைக் குறை சொல்லவில்லை. ஆனால் செல் யாருடையதோ படமும் அவங்களுடையது. அதோடு பிள்ளைகளைப் படம் எடுப்பது பல வீட்டில் அம்மா. எடுக்கிறவங்க படத்தில் வர மாட்டாங்க. கையில் பிடித்துப் பார்க்கிற படம், பெட்டியில் வைத்துப் பூட்டுகிற படம் நம்ம வீட்டில் குறைந்துகொண்டே வருகிறது.

அதனால்தான் இன்றைக்கு இந்தக் கேமராவைக் கொண்டுவந்திருக்கிறேன். இதில் எடுத்தால் படம் அப்பவே அட்டையாக வெளியே வரும். உடனடி ஃபிலிம் கேமரா என்று சொல்லலாம். கம்ப்யூட்டர் வேண்டாம், ஸ்டுடியோவுக்கு அலைய வேண்டாம்.

ஒரு குழந்தை கேட்ட கேள்வி

இது வந்த கதையைக் கேளுங்க. 1943ல் அமெரிக்காவில் எட்வின் லேண்ட் என்ற விஞ்ஞானி குடும்பத்தோடு ஊர் சுற்றப் போனார். மூன்று வயது மகளைப் படம் எடுத்தார். "ஏன் இப்பவே பார்க்க முடியாது?" என்று குழந்தை கேட்டது. அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் போலராய்டு கேமரா. 1947ல் அறிஞர்கள் முன்னால் செய்து காட்டினார், 1948ல் பாஸ்டன் நகரக் கடையில் விற்பனைக்கு வந்தது. டிஜிட்டல் கேமரா வந்தபிறகு, 2008ல் அந்தக் கம்பெனி உடனடி ஃபிலிம் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. நெதர்லாந்தில் இருந்த கடைசித் தொழிற்சாலையின் இயந்திரங்களைச் சிலர் சேர்ந்து வாங்கிக் காப்பாற்றி, 2010ல் மறுபடி ஃபிலிம் விற்றார்கள். ஜப்பானின் ஃபியூஜி கம்பெனி 1998ல் இன்ஸ்டாக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் கிடைக்கிறது. என் கையில் இருப்பது அதில் சின்ன வகை. படம் ஏடிஎம் கார்டு அளவுதான் இருக்கும்.

உள்ளே மாயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் மருந்துக் கூழ் ஒரு சின்னப் பையில் இருக்கிறது. படம் எடுத்ததும் அட்டை இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுங்கி வெளியே வரும். பை உடைந்து, கல்லில் தோசைமாவு தேய்க்கிற மாதிரி மருந்து உள்ளே பரவும். கொஞ்ச நேரத்தில் உருவம் தெரிய ஆரம்பிக்கும்.

பத்தே பத்து படம்

ஒரு பெட்டியில் பத்து அட்டைதான். மூன்று குழுக்களுக்குக் கொண்டுபோய், "வரிசையில நிக்க வேண்டாம், எதை எடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். பத்துதான் என்றதும் எல்லோரும் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

கடன் வாங்கிப் பசுமாடு வாங்கிய அக்கா, மாட்டோடும் பால் கேனோடும் நின்றார். நாற்பத்தெட்டு வயதில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட அம்மா, "என் மூஞ்சி வேணாம், கையெழுத்துப் போடுற கையை எடு" என்றார். இன்னொருவர், மகள் காலேஜ் விடுதிக்குக் கிளம்புகிற அன்றைக்கு, பையோடு வாசலில் நிற்கிறதை எடுக்கச் சொன்னார். ஒரு படம் வெயிலைப் பார்த்து எடுத்ததில் கெட்டுப்போச்சு. அது என் தப்பு.

ஒரு அக்கா மட்டும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம். "பூவும் பொட்டும் இல்லாம நான் எதுக்குப் படத்துல?" என்றார். சொந்த மகள் கல்யாண ஆல்பத்தில்கூட அவர் படம் ஒன்றும் இல்லையாம். குழுவில் யாரும் அறிவுரை சொல்லவில்லை. பேத்தி ஓடிப்போய் மடியில் உட்கார்ந்தது, அப்படியே எடுத்தோம். படம் தெளிகிற வரைக்கும் அவர் பேசவில்லை. அப்புறம், "இதை நான் வச்சுக்கலாமா?" என்று கேட்டார். அந்த அட்டை இப்போ அவர் சேமிப்புப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

முதலில் பணம். கேமரா சில ஆயிரம் ரூபாய். ஃபிலிம், ஒரு படத்துக்கு ஐம்பது ரூபாய் அளவில் ஆகும். விலை மாறும், விசாரித்து வாங்குங்க. இதற்காக உள்கடன் எடுக்காதீங்க. வீட்டுக்கு ஒரு கேமரா தேவையே இல்லை. கூட்டமைப்பில் ஒன்று இருந்தால், பதிவேட்டில் எழுதிவிட்டுக் குழுக்கள் மாற்றி மாற்றி எடுத்துப் போகலாம். ஃபிலிம் செலவை மட்டும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

இரண்டடிக்கும் கிட்டே போனால் முகம் வெளுத்துவிடும். ஒன்பது அடிக்கு மேல் தள்ளி நின்றால் ஃபிளாஷ் வெளிச்சம் எட்டாது. படம் வந்ததும் உதறாதீங்க, மடக்காதீங்க. ஃபிலிமை வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைக்காதீங்க. பத்தும் முடிகிற வரை பின்மூடியைத் திறந்தால் மிச்ச ஃபிலிம் வெளிச்சம் பட்டு வீணாகிவிடும். அட்டையைக் கத்தரிக்கக் கூடாது, உள்ளே இருப்பது மருந்து. கையில் பட்டால் தண்ணீரில் நன்றாகக் கழுவணும். சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கணும்.

இதில் நெகட்டிவ் கிடையாது. ஒரே ஒரு படம்தான், தொலைந்தால் தொலைந்ததுதான். முக்கியமான படத்தைச் செல்லில் ஒரு பிரதி எடுத்து வையுங்க. ஆனால் படத்தில் இருப்பவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்க, வயசுப் பிள்ளைகள் படம் என்றால் கட்டாயம் கேட்கணும்.

அட்டையின் கீழே வெள்ளை ஓரம் இருக்கு. அழியாத மை பேனாவால் தேதி, ஊர், பெயர் எழுதுங்க. நடவடிக்கைப் புத்தகத்தில் தேதி போடாமல் தீர்மானம் எழுதுவோமா? அது மாதிரிதான்.

ஒரு வேண்டுகோள்

கல்யாணம், காதுகுத்து, சீர் எல்லாம் எடுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு சாதாரண நாளையும் எடுங்க. என் அம்மாவை ஒரே ஒரு படம் எடுக்க முடியும் என்றால் நான் எதை எடுப்பேன் தெரியுமா? சேலைக்கு மேல அப்பாவோட பழைய சட்டையைப் போட்டுக்கிட்டு, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, விடியக்காலையில களை எடுக்கக் கிளம்புற அம்மா. தினமும் பார்த்ததால் எடுக்கத் தோணவே இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, குழுவில் ஒவ்வொருவரும் "எனக்கு எந்தப் படம் வேணும்" என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வாங்க. எழுதத் தெரியாதவங்க பக்கத்தில் இருப்பவங்களிடம் சொல்லி எழுதுங்க. வீட்டில் அம்மாவோ மாமியாரோ இருந்தால் அவங்களையும் கேளுங்க. கேமராவை நான் கொண்டுவருகிறேன்.