வானொலியும் நடுவுநிலைமையும்



அரசின் வானொலி அரசுக்காகப் பேசும். அதனிடம் நடுவுநிலைமையை எதிர்பார்ப்பார் இலர். மக்களின் கட்டணத்தில் வாழ்ந்துகொண்டு, எப்பக்கமும் சாயேன் என்று சூளுரைக்கும் வானொலியைத்தான் உரைகல்லில் இழைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வகைக்கு முன்னோடி, 1922-இல் தோன்றிய பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம். தமிழர்க்கும் அது புதியதன்று. 1941 முதல் 2017 வரை அதன் வானொலியில் தமிழோசை ஒலித்தது.

1926 மே மாதம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கூலியைக் குறைத்து உழைப்பு நேரத்தைக் கூட்ட முதலாளிமார் முனைந்தனர். அதனை எதிர்த்துத் தொழிலாளர் கழகங்கள் ஒன்றுகூடிப் பொது வேலைநிறுத்தம் செய்தன. 9 நாள் நாடே முடங்கிற்று. அச்சுத் தொழிலாளரும் வேலையை நிறுத்தியதால் செய்தித்தாள்கள் பெரும்பாலும் நின்றுபோயின. அதுகாறும் மாலை 7 மணிக்கு முன் செய்தி சொல்லும் உரிமைகூட இல்லாதிருந்த வானொலி, திடுமென நாட்டின் வாயும் செவியும் ஆயிற்று. அரசு வெளியிட்ட தாளை நடத்திய அமைச்சர் சர்ச்சில், வானொலியையும் அரசே கைப்பற்றவேண்டும் என்றார். கழகத்தை நடத்திய சான் இரீத்து அதற்கு இடங்கொடுத்தாரில்லை. வேலைநிறுத்தம் செய்தோரின் அறிக்கைகளும் செய்தியில் இடம்பெற்றன. அது சிறு செயலன்று.

இவ்வளவில் நிறுத்திக்கொள்வோர்க்கு இஃதொரு மறக்கதை. மறுபாதியோ அத்துணை இனிப்பதன்று. தலைமையமைச்சர் பால்டுவின் வானொலியில் பேசினார். எதிர்க்கட்சித் தலைவர் மெக்டொனால்டு பேச வாய்ப்புக் கேட்டார், கதவு திறக்கப்படவில்லை. இருசாராரும் இணங்கிப் போகுமாறு காண்டர்பரிப் பேராயர் விடுக்கவிருந்த வேண்டுகோளும் தடுக்கப்பட்டு, நாள் கடந்த பின்னரே ஒலித்தது. இரீத்தின் ஏரணம் இது: கழகம் மக்களுடையது, இந்நெருக்கடியில் அரசு மக்களுக்காகச் செயற்படுகிறது, ஆதலின் கழகம் அரசின் பக்கமே. நடுப்படியை யார் நாட்டியது? சுரங்கத்தில் கரி வெட்டியவன் மக்களுள் ஒருவனல்லனோ? கைப்பற்றாமலே கைக்குள் இருப்பதைக் கைப்பற்றுவானேன் என்று பால்டுவின் அமைதியாக இருந்துவிட்டதில் வியப்பில்லை. 1927 சனவரி முதல் நாள் கழகம் அரசப் பட்டயம் பெற்றுப் பொது நிறுவனமாயிற்று. இரீத்துக்கும் அவ்வாண்டில் 'சர்' பட்டம் கிடைத்தது.

1956-இல் சூயசுப் போர். தலைமையமைச்சர் ஈடன் பேசியபின், எதிர்க்கட்சித் தலைவர் கெய்ட்சுகலும் மறுமொழி பேசினார். 30 ஆண்டில் முதுகெலும்பு சற்றே வளர்ந்திருந்தது.

1982-இல் பாக்லாந்துப் போர் மூண்டது. கழகத்தின் செய்தியாளர் 'நம் படை' என்னாது 'பிரித்தானியப் படை' என்றனர். இருதரப்புக் கூற்றையும் ஒப்பிட்டும் பார்த்தனர். ஆளுங்கட்சியினர் கொதித்தெழுந்தனர்; தலைமையமைச்சர் தாட்சரும் நாடாளுமன்றத்தில் குறைகூறினார். ஒரு சொல்லுக்கா இத்துணைச் சினம் என்று தமிழறிந்தோர் வியவார். தமிழில் 'நாம்' கேட்போரையும் உளப்படுத்தும், 'நாங்கள்' உளப்படுத்தாது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல். 'நம் படை' என்று செய்தியாளன் சொன்ன நொடியிலேயே, கேட்பவனை ஒருசொல் கேளாமல் அவனையும் போரில் சேர்த்துவிடுகிறான். போர்ட்சுமவுத்தின் கைம்பெண்ணும் புவனசு ஐரிசின் கைம்பெண்ணும் வேறல்லர் என்னும் கருத்தைக் கழகத்தின் வானொலிப் பிரிவுத் தலைவர் இரிச்சர்டு பிரான்சிசு அப்போது வெளிப்படையாகவே சொன்னார். போர்க்காலத்தில் அதனைச் சொல்லத் துணிவு வேண்டும்.

நடுவுநிலைமை என்பது மெய்க்கு ஒரு படியும் பொய்க்கு ஒரு படியும் அளந்து கொட்டுவதுமன்று. புவி வெப்பமாதலைப் பற்றிப் பேச அறிவியலார் ஒருவரை அழைத்தால், எதிரே மறுப்பார் ஒருவரையும் அமர்த்தும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அங்ஙனம் தேடி அமர்த்தவேண்டா என்று 2018-இல்தான் கழகத்தின் செய்தித்துறை தன்னவர்க்கு அறிவுறுத்திற்று.

அரசின் கை எங்கே ஒளிந்திருக்கிறது? 1988 அக்டோபரில், வட அயர்லாந்தின் சின் பெயின் உள்ளிட்ட 11 அமைப்பினரின் குரலை ஒலிபரப்பலாகாதென உள்துறை அமைச்சர் ஆணையிட்டார். முகத்தைக் காட்டலாம், அவர் சொன்னதையும் சொல்லலாம், குரல்மட்டும் ஒலிக்கலாகாது! நடிகர்கள் அவர்தம் வாயசைவுக்குக் குரல் கொடுத்தனர். 1994 செப்டம்பரில்தான் அக்கேலிக்கூத்து முடிந்தது. அவ்வாணைக்கு இடந்தந்தது, கழகத்தின் உரிம ஒப்பந்தத்திலேயே இருந்த ஒரு பிரிவு. கட்டணம் எவ்வளவு என்பதை வகுப்பதும் அரசே. 2017-இல் தொடங்கிய பட்டயத்தின் எல்லை 2027 திசம்பர் 31. அடுத்ததை எழுதும் எழுதுகோல், அச்செய்தியாளர்கள் நாள்தோறும் வினாத் தொடுக்க வேண்டிய அமைச்சர்களின் கையில் உள்ளது.