காதால் ஆடும் கிரிக்கெட்

மாற்றுத்திறனாளிகளும் சேர்ந்து ஆடும் விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 1948-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் சக்கர நாற்காலியில் இருந்தவர்களுக்கு வில்வித்தைப் போட்டி வைத்ததும், அந்த முயற்சி 1960-ல் ரோமில் பாராலிம்பிக்காக வளர்ந்ததும், நம் சேலத்து மாரியப்பன் 2016-ல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கியதும் கேட்டிருப்பீர்கள். எனக்குப் பிடித்தது பார்வையற்றோர் கிரிக்கெட். வானொலியில் சொல்ல அதைவிடப் பொருத்தமான ஆட்டம் ஏது?

1922-ல் மெல்போர்னில், தொழிற்சாலையில் வேலை பார்த்த பார்வையற்ற இருவர் தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு ஆரம்பித்தது இது. இன்று பிளாஸ்டிக் பந்து. உள்ளே பால்ரஸ் குண்டுகள் கலகலக்கும். கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும். பிட்ச்சின் பாதியைத் தாண்டும் முன்பே பந்து தரையில் பட்டாக வேண்டும். ‘ரெடியா?’ என்று பவுலர் கேட்டு, பேட்ஸ்மேன் ‘யெஸ்’ சொன்ன பிறகு, ‘பிளே’ என்று குரல் கொடுத்து வீசுவார்.

இனிமேல்தான் ரசமான இடம். பதினொரு பேரில் நான்கு பேராவது முழுப் பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ரன் இரட்டிப்பாகும். பவுண்டரி அடித்தால் எட்டு! அவர்கள் ஃபீல்டிங் செய்யும்போது ஒரு பிட்ச் ஆன பந்தைப் பிடித்தாலும் கேட்ச்தான். ‘இது சலுகை இல்லையா சார்?’ என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். குத்துச்சண்டையில் எடை பார்த்து ஆள் பிரிக்கிறோம், அதை யாராவது சலுகை என்கிறோமா? இந்த விதியால் அந்த நால்வர் ஒப்புக்குச் சேர்த்த ஆட்களாக இல்லை. அவர்களில் யாரை எப்போது இறக்குவது என்று கேப்டன் மண்டையை உடைத்துக்கொள்கிறார்.

எங்கள் பள்ளியிலும் ஆடிப் பார்த்தோம். அந்தப் பந்து கைவசம் இல்லை. ரப்பர் பந்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினேன். சரசரவென்று நல்ல சத்தம். பார்வையுள்ள பிள்ளைகளுக்குத் துண்டால் கண்ணைக் கட்டிவிட்டேன். வரிசையாக அவுட்! வகுப்பிலிருந்த பார்வையில்லாத பையன் ஒருவன்தான் அவர்களுக்குக் காதைத் தீட்டச் சொல்லிக்கொடுத்தான். சத்தம் போட்டால் பந்து கேட்காதே, அதனால் எட்டாம் வகுப்பு முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தது. வகுப்பாசிரியர் சந்தேகப்பட்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். விளையாட்டுத் திட்டங்களை எல்லோரும் பங்கேற்கும்படி மாற்றியமைக்கச் சொல்லி 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர்களே, ஸ்கோர் எழுத உட்கார வைத்திருக்கிறீர்களே ஒரு பிள்ளை, ‘எந்த விதியை மாற்றினால் நீ ஆடலாம்?’ என்று நாளைக்கே அதனிடம் கேளுங்கள்.