கயிலையும் ஐயாறும்



ஆடி அமாவாசையாகிய இந்நன்னாளில், ஐயாறப்பர் திருமுன்னர்க் கயிலைமலையைச் சிந்திக்கக் கூடியிருக்கின்றோம்.

திபெத்தின் மேற்பகுதியில், ஏறத்தாழ 6,600 மீட்டர் உயரத்திற் பனி போர்த்து நிற்பது அம்மலை. அதன் தென்பால் இரண்டு ஏரிகள் உள. மானசரோவரம் நன்னீர் உடையது. அதனை அடுத்த இராட்சசதால் சற்றே உவர்ப்புடையது. சிந்து, சட்லெஜ், பிரமபுத்திரா, கர்னாலி என்னும் நான்கு ஆறுகளும் அம்மலையைச் சூழ்ந்த நிலத்திலேயே பிறக்கின்றன. மலையை வலம் வரும் வழி 52 கிலோமீட்டர். இடையிலுள்ள டோல்மா கணவாயோ 5,600 மீட்டர் உயரத்தது. அங்கே மூச்சு விடுதலும் அரிது. பௌத்தரும் சமணரும் போன் நெறியினரும் அம்மலையைப் போற்றுகின்றனர்.

இதனினும் உயர்ந்த எவரெஸ்டின் முடியில் 1953-இல் மனிதர் கால் பதித்தனர். கயிலையின் முடியில் எவரும் ஏறியதாகச் சான்றில்லை. இமயத்தின் பெருஞ்சிகரங்கள் பலவற்றில் ஏறிய இத்தாலிய வீரர் மெஸ்னர், 1980-களில் வாய்ப்புக் கிடைத்தும் ஏற மறுத்தார். பெயர்க்க முயன்ற இராவணன் பட்டதை நாம் அறிவோம். கயிலை ஏறுதற்கு உரியதன்று. வலம் வந்து பணிதற்கு உரியது.

2020 முதல் ஐந்தாண்டுகள் நடவாதிருந்த இந்திய அரசின் யாத்திரை 2025-இல் மீண்டும் தொடங்கியது. யாமும் செல்ல விழைந்தோம். குருதி அழுத்தம் மிகுதியென்று மருத்துவர் தடுத்தார். "நமக்கு அருளில்லையோ!" எனப் பல நாள் கலங்கினோம். இங்குள்ள முதியோர் பலர்க்கும் அக்கலக்கம் இருத்தல் கூடும்.

அந்நிலையில் எமக்குத் துணையாயினார் அப்பர் பெருமான். அவரும் கயிலையை நடந்து சென்று அடைந்தாரல்லர். கால் தேய்ந்தது, கையால் நடந்தார். கை தேய்ந்தது, மார்பால் உந்தினார், அதுவும் தேயப் புரண்டார். முனிவராய் வந்து தடுத்த இறைவனிடமும், காணாது மீளேன் என்றார். பின்னரே ஆங்கிருந்த பொய்கையில் மூழ்கி, இவ்வையாற்றுக் குளத்தில் எழுந்து, இங்கேயே கயிலைக் காட்சி கண்டார்.

ஒன்று நோக்குங்கள். இறைவன் எங்கும் உளன், யான் ஏன் செல்லவேண்டும் என்று அவர் வாளா இருந்தாரல்லர். உடல் ஓயும்வரை சென்றார். ஓய்ந்தவிடத்து அருள் எதிர்வந்தது. ஆதலின், இயன்றவர் சென்று வலம் வருக. இயலாதவர், இயன்ற அளவு இத்திருக்கோயிலையேனும் வலம் வருக. நம் கால் ஓயுமிடத்தில் அவன் திருவடி நிற்கும்.

திருச்சிற்றம்பலம்.